காப்புக் கட்டிய நாளில் விட்ட மாத்திரை

1

எனக்கு வருகிற ஆடியோடு அறுபத்தெட்டு முடிகிறது. பெற்றது ஒன்பது, வளர்த்து ஆளாக்கியது ஆறு. பேரப் பிள்ளைகளையும் சேர்த்தால் வளர்த்த கணக்கு இன்னும் ஏறும். அதை அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால் சேர்க்கவில்லை. சிங்கப்பூருக்கு நான் கப்பலேறி வந்தபோது மூத்தவன் இடுப்பில், அடுத்தவள் வயிற்றில். அப்புறம் ஜப்பான்காரன் வந்து போனான். வெள்ளைக்காரன் மறுபடி வந்து மறுபடி போனான். இப்போது இந்த ஊர் தனி நாடாகவே ஆகிவிட்டது. இத்தனை நடந்தும் என் வீட்டில் அடுப்பு எரியாத நாள் இல்லை.

ஊர்ப் பெண்கள் படிக்கட்டும் என்று இதை நானே எழுதுகிறேன். பள்ளிக்கூட வாசலை மிதித்தவளில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடிருந்த காலத்தில் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்து எழுத்தாகப் பிடித்துக்கொண்டேன். ல, ள, ழ மூன்றும் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அவற்றை என் பேத்தி மல்லிகா சரிசெய்து கொடுப்பாள். மற்றதெல்லாம் என் கையெழுத்து, என் புத்தி.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. என் கடைசிப் பேத்திக்கு இன்றோடு ஒரு வயது. கேக் என்று ஒன்றை வாங்கி வந்து, அதன் மேல் மெழுகுவத்தி ஏற்றி, ஏற்றின கையோடு ஊதி அணைத்துக் கைதட்டினார்கள். நல்ல நாளில் விளக்கை அணைக்கிற ஊரில் இருக்கிறேன். கேக் சாப்பிட வந்தவர்களில் ஒருவர் போன வாரம்தான் செஞ்சியிலிருந்து வந்து இறங்கியவர். "நம்ம ஊரு ஆஸ்பத்திரியிலயும் இனிமே புள்ள நிக்காம இருக்க மாத்திர குடுப்பாங்களாம்" என்று சொன்னார். மெய்யோ பொய்யோ. மெய்யாக இருந்தால், அந்த மாத்திரையைப் பற்றி டாக்டர்களுக்குச் சொல்லத் தோன்றாத ஒரு சங்கதி எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தோன்றும்? அவர்கள் வீட்டில் யாரும் காப்புக் கட்டுவதில்லை.

2

தனம் என் மருமகள். என் தம்பி முனுசாமியின் மகள். ஆகவே எனக்கு மருமகளாக வருவதற்கு முன்னாலேயே அவளுக்கு நான் அத்தை. சிங்கவரத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவளை என் மகன் ஏழுமலைக்குக் கட்டி இங்கே அழைத்து வந்தேன். வந்த இடத்தில் நாலு பிள்ளை பெற்றாள். மூன்று பிரசவம் சுகம். நாலாவதில் ரத்தம் நிற்கவில்லை. போட்டிருந்த பாயெல்லாம் நனைந்து, அவள் உதடு சுண்ணாம்பாக வெளுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தாள். எப்படியோ இழுத்துப் பிடித்துக் காப்பாற்றினார்கள். அந்தச் சீன டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "இனி ஒன்று என்றால் இவள் உயிருக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டாள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏழுமலை தன் கைக்குட்டையில் ஒரு காசை முடிந்துகொண்டு, "திரௌபதம்மா, இவளப் பொழைக்க வையி. ஊருக்கு வந்து தீ மிதிக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டான். தனம் பிழைத்தாள். அவன் தீ மிதிக்கக் கடன்பட்டான்.

பிறகுதான் மாத்திரை வந்தது. இங்கே பிள்ளை வேண்டாதவர்களுக்கென்றே தனியாக ஒரு கிளினிக் இருக்கிறது. மாதம் ஒரு அட்டை தருவார்கள். தனம் இரவுச் சோறு சாப்பிட்டு எழுந்ததும் ஒன்று போட்டுக்கொள்வாள். எனக்கு முதலில் அதைப் பார்க்கவே சிரிப்பாக இருந்தது. சுக்குக் கஷாயத்துக்கே மூக்கைப் பிடிக்கிறவள், இதை மட்டும் கோயில் தீர்த்தம் போல வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் பெற்ற காலத்தில் இந்த மாத்திரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தும் பார்த்தேன். ஏழுமலை எனக்கு ஆறாவது. மாத்திரை இருந்திருந்தால் ஏழுமலை இல்லை. ஏழுமலை இல்லாவிட்டால் தனத்துக்கு மாத்திரையே வேண்டியதில்லை. இதற்கு மேல் யோசித்தால் தலை சுற்றுகிறது.

ஊருக்குப் போவது என்று முடிவானதும் மூன்று மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை வாங்கப் போனோம். நான், தனம், துணைக்கு அவள் மகள் மல்லிகா. நர்ஸுக்கு இங்கே மிஸ்ஸி என்று பெயர். அந்த மிஸ்ஸி தமிழ்ப் பெண்தான். மல்லிகா என்னை ஆயா என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, "வீட்டு வேலைக்கு வெச்சிருக்கிற ஆயாவா? நீங்க வெளிய உக்காருங்க" என்றாள். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி, இந்த ஊரில் வேலைக்காரி.

"ஆமாம்மா, வேலைக்காரிதான்" என்றேன். "நாப்பத்தஞ்சு வருசமா இவங்க வீட்லதான் வேல. சம்பளம் மட்டும் இன்னும் பேசி முடிக்கல."

அவளுக்குப் புரிந்து முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மாத்திரையில் இறங்கி வரவில்லை.

"ஒரு மாசத்துக்குத்தான் பாட்டி. அதான் ரூல்."

"நாங்க கப்பல்ல போறோம்மா. நடுக்கடல்ல உன் ரூல் நீந்தி வருமா?"

"டாக்டர் கையெழுத்து வேணும்."

"அப்ப வாங்கு. அதுவரைக்கும் இங்கயே குந்தியிருக்கறேன்."

உட்கார்ந்தேன். பின்னால் இருந்த பெண்கள் எல்லாம் முனகத் தொடங்கிய பிறகு மூன்று அட்டையும் வந்தன. பிள்ளை வேண்டாமென்று சொல்வதற்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பெறுவதற்கு யாரும் ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை.

3

பிள்ளைகள் நால்வரையும் இங்கே என் மகள் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூவர் மட்டும் கிளம்பினோம். மதராஸ் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து கொட்டினார்கள். சுங்கத்து ஐயா சேலைக்கு நடுவிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

தனம் தலையைக் குனிந்துகொண்டாள். ஏழுமலைக்குத் திடீரென்று கப்பலைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. நான்தான் சொன்னேன்: "சத்து மாத்திரைங்க. பொண்ணு ரொம்ப வீக்கு."

"அப்பிடியா? நம்ம வீட்லயும் ரொம்ப வீக்குதாம்மா. கல்யாணமாயி நாலு வருசம் ஆவுது, இன்னும் ஒண்ணும் தங்கல. ஒரு அட்ட குடேன்."

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். இந்தப் பாவத்தைச் செய்யத் தெரியாது. "உங்க வூட்டம்மா ஒடம்புக்கு இது ஒத்துக்காது சாமி" என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு தைல பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மனைவிக்கு இந்நேரம் பிள்ளை பிறந்திருந்தால் அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்குண்டு.

4

சிங்கவரத்தில் நாங்கள் இறங்கியது தம்பி முனுசாமி வீட்டில். நான் பிறந்த வீடும் தனம் பிறந்த வீடும் அது ஒன்றுதான். திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று ஏழுமலைக்குக் காப்புக் கட்டினார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் அவன் அம்மனுக்குச் சொந்தம். கோயிலில்தான் படுக்கை, ஒருவேளைச் சோறு, கறி கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, பெண்டாட்டி நிழலைக்கூட மிதிக்கக் கூடாது. தீமிதி முடிந்து காப்பை அவிழ்க்கிற வரைக்கும் இப்படித்தான். இரண்டு வாரத்துக்கு மேலேயே ஆகும்.

அன்று சோறு சாப்பிட்டானதும் தனம் வழக்கம்போல் அட்டையை எடுத்தாள். அவள் அம்மா பச்சையம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி அது, நெதம் ஒண்ணு முழுங்கற?"

"புள்ள நிக்காம இருக்கறதுக்கும்மா."

"மாப்ள எங்க இருக்கறாரு?"

"கோயில்ல."

"காப்பு?"

"அவரு கையில."

"அப்பறம் நீ யாருக்காக முழுங்கற? பூசாரிக்காகவா?"

முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்து, கையிலிருந்த கடலைக்காயைச் சிதறவிட்டார்கள். தனத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அத்த, அம்மா சொல்றது செரிதானே? காப்பு அவுக்கற வரைக்கும் எதுக்கு வீணாக்கணும்? மிச்சம் புடிச்சா அப்பறமா ஒதவும். அந்த மிஸ்ஸிகிட்ட போயி தொங்க வேணாம்."

நியாயம்தான் என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் நியாயம்தான் என்பேன். பூட்டியிருக்கிற கடைக்கு யாராவது காவலுக்கு ஆள் வைப்பார்களா? எங்கள் மூவரிடமும் நியாயம் இருந்தது. மாத்திரையிடம் இல்லை. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறுத்தின இரண்டு மூன்று நாளில் தனம் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். வருகிற நாளே இல்லை அது. காப்புக் கட்டின வீட்டில் தீட்டு என்றதும் என் தம்பி தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்தான். அவன் கோயில் தருமகர்த்தாவுக்குச் சரிசமமாக உட்காருகிறவன்.

"இன்னாக்கா இது, அம்மனுக்கு ஏதாவது கொறையா?"

"அம்மனுக்குக் கொறையில்ல. உன் பொண்ணுக்கு ஒடம்புல கணக்கு தப்பிப்போச்சு. சும்மா நட, காலு வலிக்கும்."

தீட்டுக்காரி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. கொல்லையில் கடலைக்காய் மூட்டை அடுக்குகிற கொட்டகைக்கு அவளை அனுப்பினார்கள். சிங்கப்பூரில் மின்விசிறிக்குக் கீழே படுத்தவள் மூட்டைகளுக்கு நடுவில் எலியோடு படுத்தாள். ஆனால் எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பச்சையம்மாள் அதை வாய்விட்டே சொன்னாள்: "வந்துட்டுது இல்ல? அப்ப வயித்துல ஒண்ணுமில்ல. இனிமே பயமே இல்லடி."

தீமிதி நன்றாக நடந்தது. இதைச் சொல்லாமல் விட முடியாது. வெயில் தாழ்ந்த நேரத்தில் ஏழுமலை நடந்த நடையை ஊரே பார்த்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற கால்கள், ஒரு கொப்புளம் இல்லாமல் ஏறி வந்தன. தனம் குளித்து முழுகி வந்து கூட்டத்தில் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் உயிருக்காகத்தானே நடந்தான். மறுநாள் காப்பை அவிழ்த்தார்கள். கிடா வெட்டினார்கள். இரண்டு வாரம் ஒருவேளைச் சோறு சாப்பிட்டவன் வயிறாரக் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

இதற்கு மேல் எழுதினால் மல்லிகாவுக்குப் படிக்கச் சங்கடமாக இருக்கும். தனம் அன்று சாயங்காலமே மறக்காமல், விட்ட இடத்திலிருந்து மாத்திரையைத் தொடங்கிவிட்டாள் என்பதை மட்டும் சொல்கிறேன். கடை திறந்தாயிற்று, காவலாளும் வந்தாயிற்று என்றுதான் நினைத்தோம்.

5

பத்து நாள் போலக் கழித்துச் சாமான் வாங்க நானும் தனமும் செஞ்சி பஜாருக்கு வந்தோம். அவளுக்கு அட்டையில் ஒரு குழப்பம். பாதியில் விட்டுப் பாதியில் பிடித்ததால் எந்த நாளோடு நிறுத்தி அடுத்த அட்டைக்குப் போவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் அப்பா, அம்மா, இரண்டே பிள்ளைகள் சிரிக்கிற படம் எழுதியிருந்தார்கள். "இங்க கேட்டா தெரியும் அத்த" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் இருந்த அம்மாளுக்கு எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "லூப்பு போட வந்தீங்களா? வாங்க, வாங்க. ரெண்டு பேருக்குமா?"

"எனக்கு அறுவத்தஞ்சு தாண்டிப்போச்சும்மா" என்றேன். "இருந்தாலும் கேட்டதுக்கு சந்தோசம்."

கர்ப்பப்பைக்குள் வைக்கிற அந்த வளையம் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும், மாத்திரை என்றதும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருந்த லேடி டாக்டர் படித்திருந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"நடுவுல இவ்வளவு நாள் விட்டிருக்கீங்களே, ஏன்?"

தனம் என்னைப் பார்த்தாள். "அவங்க காப்புக் கட்டியிருந்தாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

டாக்டரம்மா ஒரு நொடி விழித்தாள். பிறகு புரிந்து சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஐயோ, இதை எந்தப் புத்தகத்துலயும் போடலையேம்மா. காப்பு அவுத்தப்புறம்?"

தனம் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அதுவே பதில்.

"இங்க பாருங்க. மாத்திரை தெனமும் உள்ள போனாத்தான் கரு முட்டை வெளிய வராம இருக்கும். வீட்டுக்காரர் வீட்டுல இருந்தாலும் இல்லாட்டியும் போகணும். இத்தனை நாள் விட்டா ஒடம்பு தன் வேலையை ஆரம்பிச்சுடும். நீங்க மறுபடி தொடங்கினீங்க, சரி. ஆனா தொடங்கின அன்னிக்கே காவல் வந்துடாது. ஒரு வாரமாவது விடாம சாப்பிடணும், அதுவரைக்கும் தள்ளி இருக்கணும்."

"நடுவுல தூரம் ஆயிட்டேனே" என்றாள் தனம்.

"அது மாத்திரை நின்னதால வந்தது. அதை நம்பக் கூடாது."

"அப்ப நின்னுட்டிருக்கும்னு சொல்றீங்களா?"

"நின்னிருக்கும்னு சொல்லலை. நிக்காதுன்னு சொல்ல முடியலை. அடுத்தது வருதான்னு பாருங்க. வரலைன்னா மாத்திரையைத் தொடாம உடனே டாக்டர்கிட்ட போங்க." தனத்தின் பழைய பிரசவத்தைப் பற்றி நான் சொன்னதும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப காத்திருக்கிறது கஷ்டம்தான்" என்றாள்.

காப்பு வைத்திருந்த அத்தனை நாளும் அவன் கட்டுப்பாடாக இருந்தான். அவிழ்த்த பிறகும் ஒரு வாரம் இருந்திருக்க வேண்டுமாம். அம்மன்கூட அவ்வளவு கேட்கவில்லை.

பஸ்ஸில் சிங்கவரம் நெருங்கும்போது தனம் என் கையைப் பிடித்தாள்.

"அத்த, அவருக்கு இப்ப சொல்ல வேணாம். காலுல இன்னும் மஞ்சள் போகல."

6

கப்பலில் எல்லாப் பெண்களும் வாந்தி எடுத்தார்கள். ஆண்களும் எடுத்தார்கள். தனமும் எடுத்தாள். இதில் எது கடல், எது பிள்ளை என்று யாருக்குத் தெரியும்? பக்கத்துப் படுக்கையில் தஞ்சாவூர் அம்மாள் ஒருத்தி, "எத்தினியாவது மாசம்?" என்று கேட்டபோது, "இந்தக் கப்பல்ல கேப்டனுக்கும் அதே மாசம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் பினாங்கில் கப்பல் அசையாமல் நின்றபோதும் தனம் எடுத்தாள். அப்போது நான் அவள் முதுகைத் தடவிவிட்டேன்.

சிங்கப்பூரில் இறங்கினால் முத்திரை குத்துகிற பையன் என் காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, இந்த நாட்டுக்கு எப்போது வந்தாய் என்று கேட்டான். "உங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி" என்றேன். அவன் சீனன், புரியவில்லை. ஏழுமலை அதை எப்படி மாற்றிச் சொன்னானோ, குத்திவிட்டான்.

வரவேண்டியது வரவில்லை. கிளினிக்குக்குப் போனோம். சிறுநீரை ஒரு புட்டியில் வாங்கிக்கொண்டார்கள்.

"இத இன்னா செய்வீங்க?" என்று மிஸ்ஸியைக் கேட்டேன்.

"தேரைக்கு ஊசியில ஏத்திப் பார்ப்பாங்க பாட்டி. பிள்ளை இருந்தா அது காட்டிக் கொடுத்துடும்."

எங்கள் ஊரில் தேங்காய் பருப்பில்லாமல் ஒல்லியாக இருந்தால் தேரை மேல் பழி போடுவார்கள். இங்கே ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே அதன் கையில் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் தேரை சொல்லிவிட்டது, ஆமாம் என்று.

அன்றுதான் தனம் ஏழுமலையிடம் சொன்னாள். அடுத்த நாள் மூன்று பேரும் போய்ச் சீன டாக்டரம்மா முன்னால் நின்றோம். அவள் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினாள். மேசையைத் தட்டினாள். மூச்சு வாங்கினாள். மிஸ்ஸி எங்கள் பக்கம் திரும்பி, "டாக்டர் கோவமா இருக்காங்க" என்றாள். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு.

ஏன் நிறுத்தினாய் என்று கேள்வி வந்தது. தனம் காப்பைச் சொன்னாள். மிஸ்ஸி அதைத் தனக்குத் தெரிந்தமட்டும் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மா ஏழுமலையைப் பார்த்த பார்வையில் கோபம் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது.

"உன்னை யார் கட்டிப்போட்டாங்கன்னு கேக்கறாங்க. போலீஸ்ல சொன்னியான்னு கேக்கறாங்க" என்றாள் மிஸ்ஸி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏழுமலை சிரிக்கவில்லை. தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டரம்மா கெட்டவளில்லை. போனமுறை ஒன்றும் ஏற்பாடில்லாமல் வந்தீர்கள், இந்தமுறை முன்கூட்டியே வந்து படுக்கட்டும், ரத்தம் எடுத்து வைக்கிறேன் என்றாள். பிழைத்துவிடுவாளா என்று கேட்டதற்கு மட்டும் மேசையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள். அதை மிஸ்ஸி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஏழுமலை என்னிடம் கேட்டான்: "இவ பொழைச்சதுக்குத்தாம்மா நான் நடந்தேன். அதுக்கே இப்பிடியா?"

"அம்மனக் கொற சொல்லாத. அம்மன் ஒண்ணும் மாத்திரய நிறுத்தச் சொல்லல."

"அப்ப யாரக் கொற சொல்றது?"

"யாரையும் சொல்லாத. போயி வெறகு பொள."

இங்கே கேஸ் அடுப்பு. பிளக்க விறகு இல்லை. அவன் அதைக்கூட யோசிக்காமல் பின்பக்கம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தான்.

அந்த மாதங்களை எழுத எனக்கு விருப்பமில்லை. தனத்தைக் கட்டிலோடு இருக்கச் சொல்லிவிட்டு வீட்டை நான் இழுத்தேன். பையன்கள் இருவரும் தங்களுக்குள் இங்கிலீஷ்தான் பேசிக்கொள்வார்கள். அம்மா ஏன் படுத்திருக்கிறாள் என்று தமிழில் என்னிடம் கேட்க அவர்களுக்குச் சொல் கிடைக்கவில்லை. இங்கிலீஷில் பதில் சொல்ல எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஆளுக்கொரு தோசை போட்டுக் கொடுத்தேன். மல்லிகா மட்டும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் அம்மா தலையை வாரிப் பின்னிவிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

7

போன வருடம் இதே நாள், காலை பத்து மணி இருக்கும். தனத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதே வராந்தா. ஏழுமலையோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மலாய்க்காரர் ஒருவர், சீனர் ஒருவர், மற்றவர்கள் நம்மவர்கள். உள்ளே ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். ஒரு மிஸ்ஸி ரத்தப் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே இன்னொருத்தி ஓடினாள்.

ஏழுமலை கைக்குட்டையை எடுத்தான். சட்டைப் பையில் காசைத் தேடினான். அவன் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது.

நான் அவன் கையை இறுக்கிப் பிடித்தேன். "டேய், வேணாம். நேந்துக்காத."

"அம்மா, வுடும்மா. அவ போயிடுவா."

"நேந்துக்காதன்னு சொல்றேன். ஒரு தடவ நேந்துக்கினு பட்டது போதும். பொழைச்சா தீ மிதிக்கிறேம்ப, அதுக்கு மறுபடி காப்புக் கட்டுவ."

"அப்ப இன்னாதாம்மா பண்றது?"

"கும்புடு. இத குடுக்கறேன், அத செய்யறேன்னு ஒண்ணும் பேரம் பேசாத. சும்மா கும்புடு."

அவன் கைக்குட்டையைக் கீழே போட்டான். இரண்டு கையையும் சேர்த்தான். அவன் பிடித்த பிடியில் என் கையும் நடுவில் மாட்டிக்கொண்டது. எடுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். என்ன கும்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் போகவில்லை.

கதவு திறந்து டாக்டரம்மா வந்தாள். இங்கிலீஷில் ஒரே வரிதான் சொன்னாள். மிஸ்ஸி அழுதுகொண்டே, "ரெண்டு பேரும் இருக்காங்க பாட்டி" என்றாள்.

அப்போதே தனத்துக்குக் கருக்குழாயை முடிந்துவிட்டார்கள். இனி மாத்திரை இல்லை. மிச்சம் பிடித்த அட்டைகளைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்தபோது, திருப்பி வாங்க ரூல் இல்லை என்றார்கள்.

இன்று கேக் சாப்பிட்ட செஞ்சிக்காரர், "அம்மனுக்கு ஒண்ணும் நேந்துக்கலையா? கடன் வெக்கக் கூடாதே" என்று கேட்டார். ஒரு கடனும் இல்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஆகவே நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த மாத்திரை வந்தால், வாங்கினவள் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் கோயிலில் படுத்தாலும் சரி, கோபித்துக்கொண்டு அவன் ஆத்தாள் வீட்டில் படுத்தாலும் சரி. விட்டுவிட்டால் வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்கிற வரைக்கும், அவிழ்த்த காப்பை அவிழ்க்காததாகவே நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அவனை. கறிச்சோறு மட்டும் போடலாம்.

இதுவரை எழுதியதை மல்லிகாவிடம் கொடுத்தேன். முதல் தாளைப் புரட்டிவிட்டு, "ஆயா, இதையெல்லாம் ஊருக்கு அனுப்புவாங்களா?" என்றாள். அவளுக்குப் பதினாலு நடக்கிறது. தெரிய வேண்டிய வயதுதான்.

சமையல்கட்டிலிருந்து தனம் குரல் கொடுத்தாள். "அத்த, எம்பேர எழுதாதீங்க!"

"எழுதியாச்சு."

"அப்ப பூசாரி பேச்சையாவது வுட்டுடுங்க. எங்கம்மா மானம் போயிடும்."

"அதுதான் நல்லா வந்திருக்குது. வந்து கேளு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வராந்தாவில் நடந்ததை நான் இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. ஏழுமலையும் சொல்லியிருக்க மாட்டான். அவள் சிரிக்கிற இடங்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவள் முகம் மாறுகிற இடம் எதுவோ, அதை அடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

"படி கண்ணு. மொதல்லேர்ந்து படி, நிதானமா. உங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கினே படிக்காத. அத நான் பாத்துக்கறேன்."